வெட்டுக்கிளி தின்ற வருஷங்கள்



புதுவருஷ ஆராதனையில் நமக்குக் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் யோவேல் 2:25 அடிக்கடி வரும். வெட்டுக்கிளிகள் தின்றுபோட்ட வருஷங்களின் விளைவைக் கர்த்தர் திரும்பத் தருவார் என்கிற வசனம். அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கிறோம். பிப்ரவரிக்குள் அதன்மேல் பள்ளிக்கூட நோட்டீஸ் ஒன்று ஏறிவிடுகிறது. அந்த வசனத்தை ஒருமுறை அது பிறந்த வயலிலேயே வைத்து வாசிப்போம்.

யோவேல் முதலாம் அதிகாரத்தில் நம் தமிழ் வேதாகமம் நான்கு பெயர்களைச் சொல்கிறது: பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி. (பச்சைக்கிளி என்றதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கிளியை நினைத்துக்கொள்வார்கள். இது பறவை அல்ல, பூச்சி.) ஒன்று மீதி விட்டதை அடுத்தது தின்கிறது. அத்திமரத்தின் பட்டைகூட உரிந்து, கிளைகள் வெளுத்துப்போகின்றன. ஆலயத்தில் படைக்க மாவும் இல்லை, திராட்சரசமும் இல்லை.

இது வெறும் கவிதை வர்ணனை என்று நினைத்தால், 1915-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் முதல் அக்டோபர் வரை எருசலேமையும் பாலஸ்தீனா முழுவதையும் வெட்டுக்கிளிகள் மூடின. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் வேறு. 15 முதல் 60 வயதுவரை உள்ள ஆண்கள் ஒவ்வொருவரும் 20 கிலோ வெட்டுக்கிளி முட்டைகளைத் தோண்டிச் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று ஒட்டோமான் அரசு உத்தரவிட்டது. எருசலேமில் இருந்த அமெரிக்கன் காலனி புகைப்படக்காரர்கள் ஒரே அத்திமரத்தை முன்னும் பின்னுமாகப் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் இலை அடர்ந்த மரம். அடுத்ததில் வெறும் குச்சிகள்.

அப்படிப்பட்ட வயலில் நிற்கிறவர்களிடம்தான் யோவேல் பேசுகிறார். 2:21 முதல் 23 வரை உள்ள வரிசையைக் கவனியுங்கள். ஆறுதல் முதலில் நிலத்துக்கு வருகிறது. அடுத்து மிருகங்களுக்கு, மேய்ச்சல் துளிர்க்கிறது என்று. அதற்குப் பிறகுதான் சீயோனின் பிள்ளைகளுக்கு. மண், மாடு, பிறகு மனிதர். அவர்களுக்குச் சொல்லப்படுவதும் களஞ்சியம் அல்ல, மழை: முன்மாரியும் பின்மாரியும். முன்மாரி அக்டோபர், நவம்பரில் பெய்து மண்ணை உழவுக்கு இளக்கும். பின்மாரி மார்ச், ஏப்ரலில் பெய்து கதிரை முற்றவைக்கும். இடையில் பல மாதங்கள் வயலில் பார்க்கப் பச்சை இருக்கும். சாப்பிட ஒன்றும் இருக்காது. தினந்தோறும் நம்பிக்கையோடு இருப்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மாதங்களைத்தான்.

மரங்கள் இன்னும் மெதுவாகவே திரும்பும். புதிதாக நட்ட மரத்தின் கனியை ஐந்தாம் வருஷத்தில்தான் புசிக்கலாம் என்பது லேவியராகமம் 19-ல் உள்ள கட்டளை. யோவேலைக் கேட்ட விவசாயிக்கு இது தெரியும். ஆகவே “இந்த வருஷமே எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பும்” என்று இந்த வசனத்தை வைத்து முழங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. வசனத்தில் அந்த அவசரம் இல்லை.

நம் தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ள ‘விளைவு’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். எபிரெய மூலத்தில் ‘வருஷங்கள்’ என்று மட்டுமே இருக்கிறது. தமிழில் கூட்டிய அந்த ஒரு சொல் விளக்கமாக அமைந்துவிட்டது. போன வருஷம் போனதுதான். அதில் விளைந்திருக்கவேண்டியதைத் தேவன் வேறொரு வருஷத்தில் விளையச் செய்கிறார்.

நம் வீடுகளில் இதற்கு அர்த்தம் உண்டு. 1983-க்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவர்களில் எத்தனையோ பேர் படிப்பைப் பாதியில் விட்டார்கள். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே இரவில் கட்டடம் சுத்தம் செய்தார். அவருடைய இருபத்தைந்து வயதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. அவர் மகள் பட்டமளிப்பு விழாவில் மேடையேறும்போது கைதட்டுகிறாரே, அதில் அந்த விளைவு கொஞ்சம் இருக்கலாம். முழுவதும் என்று சொல்லமாட்டேன். உங்களுக்கும் இப்படிப்பட்ட வருஷங்கள் உண்டு: திரைக்கு முன்னால் கழிந்த 2020, தவறிப்போன பரீட்சை, வீட்டில் நோயாளி இருந்த மாதங்கள்.

ஒரு கடினமான இடமும் இருக்கிறது. அந்தப் பூச்சிகளைத் தாம் அனுப்பின சேனை என்று தேவனே சொல்கிறார். முழு இருதயத்தோடு தம்மிடம் திரும்பும்படி அழைக்கிறார். அது யூதாவுக்குச் சொன்னது. அதை எடுத்து அடுத்த வீட்டுக்காரரின் நஷ்டத்தின்மேல் ஒட்டக்கூடாது. பிறவிக் குருடனைப் பார்த்து, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை (யோவான் 9).

யோவேல் தம் புத்தகத்தை முதியோரிடம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறார்: உங்கள் நாட்களில் இப்படி நடந்ததுண்டா? பிறகு, இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும் என்கிறார். நம் வீடுகளில் அந்தப் பேச்சு பெரும்பாலும் எழுவதில்லை. இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட உட்காரும்போது அப்பாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுப்பாருங்கள்: “உங்களுக்கு வெட்டுக்கிளி தின்ற வருஷங்கள் எவை? முதல் பச்சை எப்போது தெரிந்தது?” பதில் உடனே வராவிட்டால், சோறு இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு காத்திருங்கள்.