அப்டேட் நடுவே கரண்ட் போனால் லேப்டாப் என்ன ஆகும்? ‘100 டாலர் லேப்டாப்’ சொல்லித் தந்த பாடம்

“அப்டேட் நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம்.” லேப்டாப் வைத்திருக்கும் எல்லோரும் இந்த எச்சரிக்கையைப் பார்த்திருப்பார்கள். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஓ.எஸ். அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்றால்? சில லேப்டாப்கள் அதோடு சரி, மறுபடி ஆன் ஆகாது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இதைப் புரிந்துகொள்ள ஏழைக் குழந்தைகளுக்காக உருவான ‘எக்ஸ்ஓ’ லேப்டாப்பின் கதை உதவும்.

அது என்ன லேப்டாப்?

வளரும் நாடுகளின் பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு லேப்டாப் என்ற திட்டத்தை 2005-ல் அமெரிக்காவின் எம்ஐடி பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபான்டே அறிவித்தார். ‘ஒன் லேப்டாப் பெர் சைல்ட்’ என்பது திட்டத்தின் பெயர். 100 டாலர் விலை என்பது இலக்கு. 2007 நவம்பரில் பெருமளவு உற்பத்தி தொடங்கியபோது விலை சுமார் 188 டாலர்.

விற்பனைக்கு வரும் முன் பல கட்ட மாதிரிகள் தயாரிக்கப்பட்டன. முதலில் வெறும் சர்க்யூட் போர்டுகள். 2006 இறுதியில் ‘பி1’ என்ற முழு லேப்டாப், அடுத்து பி2, பி3, பி4. பி1-ல் 128 எம்பி ரேம்தான். கடைசியில் சந்தைக்கு வந்தது 256 எம்பி ரேமுடன்.

இந்த மாதிரிகள் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. 2007-ல் நைஜீரியாவின் கலாடிமா, உருகுவேயின் வில்லா கார்டால் போன்ற சிற்றூர்ப் பள்ளிகளில் குழந்தைகள் கைக்கே போயின. பக்கத்தில் சர்வீஸ் சென்டர் கிடையாது. ஒரு அப்டேட் சொதப்பினால், ஒரு குழந்தைக்கு லேப்டாப் இல்லை. அவ்வளவுதான்.

ஃபர்ம்வேர் வேறு, ஓ.எஸ். வேறு

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் கண் விழிப்பது ஓ.எஸ். அல்ல, ஃபர்ம்வேர். திரை, கீபோர்டு, மெமரி எல்லாம் இருக்கிறதா என்று சோதித்து, ஓ.எஸ். எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து இயக்குவது அதன் வேலை. பலரும் ‘பயாஸ்’ என்று சொல்வது இதைத்தான்.

எக்ஸ்ஓ-வில் இது 1 எம்பி அளவுள்ள ஒரு சின்ன சிப்பில் இருந்தது. பேட்டரி சார்ஜ் ஆவதைக் கவனிக்கும் தனிச் சிறு கணினிக்கான நிரலும் அதே சிப்பில்தான். ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓ.எஸ். வேறொரு பெரிய ஃபிளாஷ் மெமரியில் இருந்தது. இந்த லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது.

ஓ.எஸ். கெட்டுப்போனால் ஃபர்ம்வேர் பிழைத்திருக்கும். ஒரு பென்டிரைவைச் செருகி, புதிதாக ஓ.எஸ். போட்டுவிடலாம். ஆனால் ஃபர்ம்வேரே கெட்டுப்போனால் பென்டிரைவைப் படிக்கக்கூட ஆள் இல்லை. பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இருக்காது. இதைத்தான் தொழில்நுட்ப ஆட்கள் ‘பிரிக்’ ஆகிவிட்டது, அதாவது செங்கல் ஆகிவிட்டது என்கிறார்கள். எக்ஸ்ஓ-வில் இப்படி ஆனால், அதைத் திறந்து, வேறொரு கணினியைத் தனிக் கேபிளில் இணைத்து அந்தச் சிப்பில் மறுபடி எழுத வேண்டும். கிராமத்துப் பள்ளியில் அதை யார் செய்வது?

அப்டேட் எப்படி நடந்தது?

முதலில் ஃபர்ம்வேர், பிறகு ஓ.எஸ். இதுதான் வரிசை. லேப்டாப்பில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்ற தகவலை ஓ.எஸ்.-க்குச் சொல்வது ஃபர்ம்வேர். புதிய ஓ.எஸ். பழைய ஃபர்ம்வேர் மீது ஏறினால், தூக்க நிலை, பேட்டரி போன்றவற்றில் கோளாறு வரலாம்.

புதிய ஃபர்ம்வேர் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, ஆன் ஆகும்போது எஸ்கேப் பட்டனை அழுத்தினால் ‘ஓகே’ என்ற சொல்லோடு திரை காத்திருக்கும். அங்கே கட்டளை கொடுத்ததும் படிப்படியாக வேலை நடக்கும்:

• கோப்பு முழுதாக, சேதமில்லாமல் வந்திருக்கிறதா என்று முதலில் சோதனை
• அந்த லேப்டாப்புக்கே உரிய சீரியல் எண் போன்ற விவரங்களை எடுத்து, புதிய கோப்போடு சேர்ப்பது
• சிப்பில் உள்ள பழையதை அழிப்பது
• புதியதை எழுதுவது
• எழுதியது சரியா என்று மறுபடி படித்துப் பார்ப்பது

ஆபத்து மூன்றாவது, நான்காவது படிகளில்தான். பழையது அழிந்துவிட்டது, புதியது முழுதாக வரவில்லை. அந்த நேரத்தில் கரண்ட் போனால் லேப்டாப் செங்கல்.

ஏன் சார்ஜர், பேட்டரி இரண்டும்?

பேட்டரி மட்டும் இருந்தால் பாதியில் தீர்ந்துவிடலாம். சார்ஜர் மட்டும் இருந்தால் கரண்ட் கட் ஆகலாம், யாராவது வயரில் கால் தடுக்கலாம். அதனால் எக்ஸ்ஓ-வின் தானியங்கி ஃபர்ம்வேர் அப்டேட், பேட்டரியும் இருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும் என்று பார்க்கும். ஒன்று குறைந்தாலும் எழுதத் தொடங்காது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊர்களுக்கான லேப்டாப்பில் இது மிக அவசியமான பூட்டு.

ஓ.எஸ். விஷயத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. ஆரம்பத்தில் ஓ.எஸ்.-ஐ முழுதாக மாற்றினால் குழந்தை வரைந்த படம், எழுதிய கதை எல்லாம் அழிந்துபோகும். பின்னர் வந்த அப்டேட் முறை, மாறிய பகுதிகளை மட்டும் இணையம் வழியே எடுத்துக்கொண்டது. குழந்தையின் கோப்புகளைத் தொடவில்லை. பழைய ஓ.எஸ்.-ஐயும் பத்திரமாக வைத்திருந்தது. புதியது பிடிக்கவில்லை என்றால், ஆன் செய்யும்போது திரைக்குப் பக்கத்தில் உள்ள வட்டக் குறி பட்டனை அழுத்திப் பழையதற்கே திரும்பலாம்.

நம் லேப்டாப்புக்கு இது பொருந்துமா?

நிச்சயமாக. இன்றைய லேப்டாப்கள் சிலவற்றில் ஃபர்ம்வேரின் மாற்றுப் பிரதி ஒன்று இருக்கும். எல்லாவற்றிலும் இருக்காது. எனவே ஃபர்ம்வேர் அல்லது பயாஸ் அப்டேட் வந்தால்:

• பேட்டரியை நன்றாக சார்ஜ் செய்து, சார்ஜரையும் செருகிய பிறகே தொடங்கவும்
• தயாரித்த நிறுவனத்திடமிருந்து மட்டும், சரியான மாடல் எண்ணைப் பார்த்து எடுக்கவும்
• முக்கியமான கோப்புகளை முன்பே வேறிடத்தில் சேமிக்கவும்
• திரை கொஞ்ச நேரம் கருப்பாக இருந்தாலும், ஃபேன் சத்தமாகச் சுற்றினாலும் பதறி பவர் பட்டனை அழுத்த வேண்டாம்

வெளியே மழை, இடி, கரண்ட் வந்து வந்து போகிறது என்றால், அப்டேட்டை நாளைக்குத் தள்ளிப்போடலாம். ஒரு நாள் தாமதத்தால் நஷ்டம் பெரிதாக இருக்காது. பாதியில் நின்றால் லேப்டாப்பே போய்விடலாம்.