விழித்திரைக்கு வலி தெரியாது

தோல் பதனிடும் வேலையில் கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் எவரும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பதில்லை. எரிச்சல் தாளாமல் ஓடி வருகிறார்கள். ஓடி வருவதற்கு முன், தூய நீரால் அரைமணி நேரமாவது இமைகளைத் திறந்து கண்ணைக் கழுவ வேண்டும் என்பதே நாங்கள் அவர்களுக்குச் சொல்வது. இங்கே வலி ஒரு நல்ல காவலாளி. ஆனால் கண்ணின் உட்புறத்தில், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத விழித்திரைக்கு அந்தக் காவல் இல்லை. வலியை உணரும் நரம்புகள் அதில் கிடையா. அது நோயுற்றாலும் கண் சிவப்பதில்லை, உறுத்துவதில்லை.

பாகாயத்தில் பயிலும் மருத்துவ மாணவர்கள் கண் மருத்துவம் கற்கும் இடம், ஆரணி சாலையில் உள்ள ஷெல் மருத்துவமனை. 1902-இல் 40 படுக்கைகளுடன் தொடங்கியது அது. தேர்வு நெருங்கும்போது மாணவர்கள் விழித்திரைப் படங்களை மீண்டும் மீண்டும் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வார்கள். படத்தைக் கண்டதும் நோயின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கும். நோயாளிகளும் குடும்பத்தினரும் அந்தப் பெயர்களை அறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு நோயும் நமக்குத் தரும் காலக்கெடுவை அறிந்தால் போதும்.

முதலாவது, நீரிழிவு. சர்க்கரை கூடியிருக்கும் ஆண்டுகளில் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமடைந்து கசிகின்றன. பின்னர் எளிதில் உடையும் புதுக்குழாய்கள் முளைத்து, கண்ணுக்குள் இரத்தம் கசியக்கூடும். அதுவரை பார்வை நன்றாகவே இருக்கலாம். ஆகவே, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயே ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். நீரிழிவு உள்ள பெண்கள் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே சோதிக்க வேண்டும். லேசர் சிகிச்சையும் கண்ணுள் செலுத்தும் ஊசியும் இருக்கும் பார்வையைக் காக்க வல்லவை. இழந்ததை முழுவதும் மீட்பது அரிது.

இரண்டாவது, விழித்திரை விலகல். திடீரென மின்னல்போல் ஒளி வெட்டும். கரும்புள்ளிகள் கூட்டமாக மிதக்கும். பின்னர் ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருள் படரும். இதற்குக் கெடு ஒரே நாள். நடுப்பார்வைக்குரிய பகுதி விலகுவதற்குமுன் அறுவை செய்தால் பார்வை தங்கும். கிட்டப்பார்வை மிகுந்தோரும், கண்புரை அறுவை செய்துகொண்டோரும், கண்ணில் அடிபட்டோரும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, விழித்திரைத் தமனி அடைப்பு. ஒரு கண்ணின் பார்வை வலியின்றிச் சட்டென மறைந்துவிடும். வெளிறிய விழித்திரையின் நடுவே செர்ரிப் பழம் போன்ற சிவப்புப் புள்ளி தெரியும். மாணவர்கள் மறக்காத படம் இது. இதைக் கண்ணுக்கு வந்த பக்கவாதம் என்றே கொள்ள வேண்டும். கெடு சில மணி நேரமே. பார்வை சில நிமிடங்களில் திரும்பிவிட்டாலும் மருத்துவமனைக்கு வந்தாக வேண்டும். அடுத்த அடைப்பு மூளையில் ஏற்படக்கூடும்.

நான்காவது, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் முதல் சோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே நடக்க வேண்டும். தாய்க்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது. வீடு திரும்பும் நாளில், கண் சோதனைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனையில் நாங்கள் பயன்படுத்தும் கருவிக்கு மூலவடிவம் தந்தவர், 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அறுக்காமல், துளைக்காமல் உடலின் இரத்தக் குழாய்களை நேரில் காண உதவும் சாளரம் கண்தான். அதற்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட வேண்டும். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அன்று இருசக்கர வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி தைத்து வாழும் குடும்பங்களுக்கு ஒரு நாள் கூலி எளிதாக விட்டுவிடக் கூடியதன்று என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் ஊசியில் நூல் கோக்கும் கண்களே அக்கூலியை ஈட்டுகின்றன. பார்வை மங்கும்போது கடையில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள்.

இன்றே ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண் குறைந்திருப்பதை மற்றொன்று பல மாதங்கள் மறைத்துவிடும். பார்வை குறைந்திருந்தால் தாமதிக்காமல் வாருங்கள். நன்றாகத் தெரிந்தாலும், சர்க்கரை நோயாளிகள் தங்கள் சிகிச்சைக் குறிப்பேட்டைத் திறந்து, கடைசியாக விழித்திரை சோதித்த தேதியைத் தேடுங்கள். ஓராண்டு கடந்திருந்தால், அல்லது அப்படியொரு தேதியே இல்லையென்றால், அடுத்த முறை வரும்போது அதை முதலில் எங்களிடம் சொல்லுங்கள்.