லாட்டரி விழுந்தால் என்ன செய்வீர்கள்? பட்டியலை இப்போதே எழுதுங்கள்!

ஆவணி பிறந்துவிட்டால் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தோப்புகளில் தேங்காய் விலைக்கு அடுத்தபடியாக அடிபடும் பேச்சு, ஓணம் பம்பர். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் என்று எல்லையைத் தாண்டினால் கடைக்குக் கடை சீட்டு தொங்கும். செங்கோட்டைக்காரர்களுக்கு ஆரியங்காவு, கம்பத்துக்காரர்களுக்குக் குமுளி. தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி விற்பனை தடை செய்யப்பட்டது. ஆனால், 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற பழைய முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு அந்த ஆசை மட்டும் தடைபடவில்லை.

பயிற்சிக் கூட்டங்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கண் சொக்கும். அப்போது நான் ஒரு கேள்வி போடுவதுண்டு. "ஒரு கோடி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" கூட்டம் உடனே விழித்துக்கொள்ளும்.

"கடனை அடைச்சுப்போட்டு நிம்மதியாத் தூங்குவனுங்க சார்" என்பார் ஒருவர். "பக்கத்துக் காட்டை வாங்கிப் போடுவேன்" என்பார் இன்னொருவர். இளைஞர்கள் டிராக்டர், கார் என்பார்கள். பெண்கள் பக்கமிருந்து வரும் பதில் வேறு மாதிரி இருக்கும். "பேங்க்ல கெடக்கற நகைய மொதல்ல திருப்போணுமுங்க. அப்பறம் வீட்டுக்குள்ளயே ஒரு பாத்ரூம்."

இந்தப் பதில்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். லாட்டரிக் கனவைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஒரு குடும்பத்துக்கு எது இல்லை, எது உறுத்துகிறது என்பதை அந்தக் கனவைப்போல வேறெதுவும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சீட்டை விட்டுவிட்டு, கனவில் வரும் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சீட்டின் கணக்கு

2022 ஓணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாய். சீட்டு விலை 500 ரூபாய். விற்ற சீட்டுகள் 66 லட்சத்துக்கும் மேல். முதல் பரிசு ஒன்றே ஒன்று.

இதை நெல்லில் பார்ப்போம். ஆயிரம் நெல் மணிகளின் எடை சுமாராக 20 கிராம். 66 லட்சம் மணி என்றால் 132 கிலோ. அதாவது, கொள்முதல் நிலையத்தில் பிடிக்கும் 40 கிலோ சிப்பம் மூன்றுக்கும் மேல். அத்தனையையும் களத்தில் கொட்டி, ஒரே ஒரு மணிக்கு மட்டும் மையிட்டுக் கலந்துவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணியை எடுக்க வேண்டும். அது மையிட்ட மணியாக இருந்தால் பரிசு.

அப்படியே விழுந்தாலும் முழுத்தொகை கைக்கு வராது. ஒரு கோடி விழுந்ததாக வைத்துக்கொள்வோம். சீட்டு விற்ற ஏஜென்டுக்கு 10 சதவிகிதம் போனால் மீதி 90 லட்சம். அதில் 30 சதவிகிதம் வருமான வரி, 27 லட்சம். மீதி 63 லட்சம். இதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் எல்லாம் கழித்தால் 60 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்று பழகிய நமக்கு இது புதுக்கணக்கு.

வாரம் 100 ரூபாய்க்குச் சீட்டு வாங்குபவர் ஆண்டுக்கு 5,200 ரூபாய் செலவழிக்கிறார். அதையே மாதம் 430 ரூபாய் வீதம் தபால் அலுவலகத் தொடர் வைப்பில் கட்டினால், 5 ஆண்டுகளில் வட்டியோடு 30,000 ரூபாயைத் தொடும். இது கோடி ஆகாது. ஆனால், நாலு வெள்ளாடாவது ஆகும், குட்டி போடும்.

லாட்டரி இல்லாமலே வரும் மொத்தப் பணம்

'நமக்கு எங்கே லட்சம் லட்சமாக வரப்போகிறது' என்று நினைக்க வேண்டாம். விவசாயக் குடும்பத்துக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மொத்தப் பணம் வருகிறது. நான்குவழிச் சாலைக்கு நிலம் போய் இழப்பீடு வரலாம். சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப்படலாம். அக்கா, தங்கையோடு பாகப்பிரிவினை முடிந்து பணம் வரலாம். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பலாம். விலை கிடைத்த ஓர் ஆண்டே லாட்டரிபோல அமைந்துவிடுவதும் உண்டு.

2010-ல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது ஈரோட்டுப் பக்கத்தாருக்கு நினைவிருக்கும். இரண்டே ஆண்டுகளில் விலை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. உச்ச விலை நிரந்தரம் என்று நம்பிக் குத்தகைக்குக் காடு பிடித்தவர்களும், தவணைக்கு வண்டி எடுத்தவர்களும் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

சாலைக்கு நிலம் கொடுத்த இரண்டு குடும்பங்களை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு நிலம்தான் போனது. வந்ததும் ஒரே அளவு பணம்தான். முதல் குடும்பத்தில் பணம் வந்த மாதமே கார் வந்தது. வீட்டை இடித்து மாடி வீடு எழுப்பினார்கள். கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் கைமாற்று போனது. மிச்சத்தை அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு சீட்டுக் கம்பெனியில் போட்டார்கள். கம்பெனி ஒருநாள் பூட்டிக்கொண்டது. இன்று அந்த வீட்டுக்காரர் அடுத்தவர் தோப்பில் தேங்காய் உரிக்கப் போகிறார்.

இரண்டாவது குடும்பத்து அம்மா, "ஆறு மாசத்துக்கு யாரும் இந்தப் பணத்தைப் பத்திப் பேசப்படாது" என்று சொல்லி வங்கியில் போட்டுவிட்டார். ஆறு மாதம் கழித்துக் கணவன், மனைவி, மகன், மகள் நான்கு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். கடன் அடைந்தது. நகை திரும்பியது. மீதியிருந்த நிலத்தில் கிணற்றை ஆழப்படுத்தி, கறவை மாடு வாங்கினார்கள். மகள் நர்சிங் முடித்தாள். கார் இல்லை; ஆனால், அவர்கள் இன்றும் விவசாயிகள்.

இந்த இரண்டு வீடுகளுக்கும் இருந்த வித்தியாசம், பணம் வரும் முன் பேசி வைத்ததும் வைக்காததும்தான்.

பணம் வந்தால் எது முதலில்?

1. ஆறு மாதம் அமைதி. பணத்தை வங்கியில் குறுகிய கால வைப்பாகப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. பெருந்தொகையென்றால் இரண்டு, மூன்று வங்கிகளாகப் பிரித்துப் போடுங்கள். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் இந்தக் காப்பீடு உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவது வேறு, பெருந்தொகையைப் போடுவது வேறு. கணக்கை மனைவி பெயரையும் சேர்த்துத் தொடங்கி, வாரிசு நியமனத்தையும் மறக்காமல் எழுதுங்கள்.

2. வட்டி அதிகமுள்ள கடன். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவிகிதம். 3 ரூபாய் என்றால் 36 சதவிகிதம். இந்த வட்டியைக் கட்டிக்கொண்டு லாபம் காணும் பயிர் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எனவே, முதலில் கைக்கடன், அடுத்து நகைக்கடன். கூட்டுறவுப் பயிர்க்கடனை அவசரப்பட்டு முடிக்க வேண்டியதில்லை. தவணை தேதிக்குள் கட்டினால் அதற்கு வட்டியே இல்லை. தேதி தவறாமல் இருந்தால் போதும்.

3. ஓர் ஆண்டுக்கான கைக்காவல். ஒரு வருடக் குடும்பச் செலவும் ஒரு போக சாகுபடிச் செலவும் தனியாக இருக்கட்டும். மழை பொய்த்தாலும் மருத்துவச் செலவு வந்தாலும் மீண்டும் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் காப்பது இதுதான்.

4. இருக்கிற நிலத்துக்கு நீர். புதிதாக ஒரு ஏக்கர் வாங்கும் முன், கையிலிருக்கும் நிலம் முழுவதும் விளைகிறதா என்று பாருங்கள். இரண்டு ஏக்கர் தரிசாகக் கிடக்கும்போது மூன்றாவது ஏக்கர் வாங்குவது தண்ணீர்ப் பஞ்சத்தைப் பெரிதாக்கும்.

5. டிராக்டர் கடைசியில். நான்கு ஏக்கருக்கு இரண்டு போகத்துக்கும் சேர்த்து உழவு 40, 50 மணி நேரத்தைத் தாண்டாது. டிராக்டர் கட்டுப்படியாக ஆண்டுக்குப் பல நூறு மணி நேரம் ஓட வேண்டும். வாடகைக்கு ஓட்ட ஆளும் நேரமும் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியில் முன்பதிவு செய்யுங்கள்.

நில இழப்பீடு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 நில எடுப்புச் சட்டப்படி வரும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்பட்டது என்பதை ஆணையில் பார்த்து, ஓர் ஆடிட்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பணத்தை வைப்பில் போட்டு வரும் வட்டி, வருமானக் கணக்கில் சேரும்.

மூன்று பத்தி நோட்டு

இனி பட்டியலுக்கு வருவோம். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, 'விழுந்தால் என்ன செய்வோம்' என்று வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு எல்லாவற்றையும் மூன்று பத்திகளாகப் பிரியுங்கள்.

முதல் பத்தி, பணமே இல்லாமல் அல்லது சொற்பக் கட்டணத்தில் முடிவது. பட்டா மாறுதல், உட்பிரிவு, மண் பரிசோதனை, வரப்புத் தகராற்றைப் பேசி முடிப்பது எல்லாம் இதில் வரும்.

இரண்டாவது பத்தி, அரசு மானியத்தில் கிடைப்பது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவிகிதம், மற்றவர்களுக்கு 75 சதவிகிதம் மானியம் உண்டு. அதற்கு வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும். சூரியசக்தி பம்புசெட்டுக்கும் மானியம் இருக்கிறது.

மூன்றாவது பத்தி, உண்மையிலேயே பணம் வந்தால்தான் முடியும் என்பது.

கூட்டங்களில் இதைச் செய்து பார்த்தபோது, கோடி ரூபாய்க் கனவில் பாதிக்கு மேல் முதல் இரண்டு பத்திகளில் போய் உட்கார்ந்துவிடும். 'லாட்டரி விழுந்தா சொட்டுநீர் போடுவேன்' என்று சொன்னவருக்குத் தேவைப்பட்டது ஒரு சான்றும், சிட்டா, அடங்கலும், ஒருநாள் அலைச்சலும்தான். மூன்றாவது பத்தியில் மிஞ்சுவது பெரும்பாலும் நகையும் கடனும்தான். எவ்வளவு தொகை, எந்த மாதத்துக்குள் என்று அதையும் எழுதிவிட்டால், அடுத்த அறுவடையிலேயே ஒரு பகுதியைக் குறைக்க முடியும். நோட்டைப் பெட்டிக்குள் பூட்டாமல் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். பணம் வரும் நாளில் வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல அது உதவும்.

ஏமாறாதீர்கள்!

கேரள லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. வாட்ஸ்அப்பிலும் இணையத்திலும் விற்பதாகச் சொல்பவர்கள் மோசடிக்காரர்கள். உள்ளூரில் ரகசியமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி சட்டவிரோதம். வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததாக அழைப்பு வந்து, 'வரிப்பணம் கட்டினால் பரிசு அனுப்புவோம்' என்றால் ஒரு பைசாகூடக் கட்டாதீர்கள். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

உங்கள் பட்டியலின் இரண்டாவது பத்தியில் எதற்கு எந்தத் திட்டம் என்று சந்தேகம் வந்தால், நிலத்தின் அளவு, ஊர், பாசன வசதி ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் நேரில் கேட்கலாம். போகும்போது சிட்டா, ஆதார் நகலோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.