‘முறைச்சான், அதான் அடிச்சேன்’

வழக்குப் பதிவான பிறகுதான் மனநல மருத்துவரான என்னிடம் வருகிறார்கள். பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து மகனைக் கூட்டி வரும் பெற்றோர், வக்கீல் சொன்னார் என்று மனநோய்க்கு ஒரு சர்டிபிகேட் கேட்பார்கள். ‘சின்னதுலேர்ந்தே இப்படித்தான் டாக்டர், எவ்வளவு சொன்னாலும் உறைக்காது’ என்பார் அம்மா. அத்தனை வருடமும் ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டுவிடுகிறேன். அவர் முகம் வாடும்போது எனக்கும் கஷ்டமாகிவிடுகிறது.

தெரிவது வேறு, உறைப்பது வேறு

குற்றம் செய்கிறவனுக்கு அடுத்தவர் மனசு புரியாது என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது ஒரு திறன். அவர் வலி நமக்கும் வலிப்பது வேறொன்று. போனில் ‘போலீஸ் பேசுறேன்’ என்று முதியவரை மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கு முதலாவது நிறையவே இருக்கிறது, இரண்டாவதுதான் இல்லை. 2019 ஏப்ரலில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு பொன்னமராவதியைக் கொதிக்க வைத்ததே, காவல் நிலைய முற்றுகை, கல்வீச்சு, 144 தடை உத்தரவு என்று! எந்தச் சொல் எங்கே குத்தும் என்று தெரியாதவர் பேசிய பேச்சல்ல அது.

அடிதடியில் சிக்கும் பையன்கள் பலருக்குக் கோளாறு முதல் திறனிலேயே. ‘முறைச்சான், அதான் அடிச்சேன்’ என்பார்கள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவனும் அவர்களுக்கு முறைத்தவன்தான். போதையும் ஏறியிருந்தால் எல்லா முகமும் பகை முகம்.

இந்த நம்பிக்கைகளை விடுங்கள்

‘மனநோயாளிதான் குற்றம் செய்வான்.’ இல்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதில்லை, அடி வாங்குகிறவர்களே அவர்கள்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகக்குறிப்பைப் படிப்பது சிரமம், ஆனால் அடுத்தவர் அழுதால் அது தவித்துப்போகும். அதைக் குற்றவாளியோடு சேர்த்துப் பேசுவது பாவம்.

‘இரக்கமே இல்லாத பிறவி, திருந்தாது.’ 2013இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வைச் சொல்கிறேன். பிறருக்கு வலிப்பதைக் காட்டும் காணொளிகளைச் சைக்கோபதி எனப்படும் இரக்கமற்ற இயல்புள்ள குற்றவாளிகள் பார்த்தபோது மூளை குறைவாகவே வேலை செய்தது. ‘அவர் வலியை நீயும் உணரப் பார்’ என்று சொன்னதும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே வேலை செய்தது. திறன் இருக்கிறது, அதைத் தட்டி எழுப்ப வேண்டும். இரக்கக் குறைவுதான் குற்றத்துக்குக் காரணம் என்பதும் முழு உண்மையல்ல. ஜாலிஃப், ஃபாரிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவுத்திறனையும் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு காணாமல் போனது.

‘நாலு போட்டா சரியாயிடும்.’ அடி வாங்கிய பிள்ளை அடிக்கத்தான் கற்கிறது. ‘ஒரு கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்’ என்பவர்களிடம் ஒரே கேள்வி: அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

சோற்றில் கலக்கும் மாத்திரை

எனக்குக் கோபம் வருவது இதில்தான். குடியை நிறுத்த டைசல்ஃபிராம் மாத்திரையைக் குடிப்பவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கிறார்கள். அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, மிளகாய்ப் புகை, சூடு... எத்தனை முறை சொல்வது? இரக்கத்துக்கு மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வு, போதைப் பழக்கம், அதீதத் துறுதுறுப்பு ஆகியவற்றுக்கு மருந்து உண்டு, மருத்துவர் பார்த்துத் தர வேண்டும்.

பரிசோதனை

ஒருவருக்கு இந்தத் திறன்கள் எப்படி என்று அறிய நேரில் பேசுவதும், கண்களை மட்டும் காட்டும் 36 படங்களைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது போன்ற சோதனைகளும் போதும். ஆய்வில் பலரை ஒப்பிட ஸ்கேன் உதவலாம், தனி ஒருவரின் குறை அதில் தெரியாது.

சீக்கிரம் வாருங்கள்

நாய்க்குட்டியை வதைக்கிறான், தொடர்ந்து திருடுகிறான், தங்கை அழுதால் சிரிக்கிறான் என்றால் பத்து வயதிலேயே கூட்டி வாருங்கள். அந்த வயதில் பெற்றோருக்குத் தரும் பயிற்சியே பெரும்பாலும் பலன் தரும். ‘அவ இடத்துல நீ இருந்தா எப்படியிருக்கும்?’ என்று வீட்டில் தினமும் கேளுங்கள். பைக்கில் போகும் பையனுக்கு ஹெல்மெட் மாட்டி அனுப்புங்கள். நெற்றிப் பக்கம் மூளையில் அடிபட்டுக் குணமே மாறியவர்களையும் பார்க்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று தயங்காதீர்கள். உங்கள் பிள்ளையை, இளம் குற்றவாளிகளை வைக்கும் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளியில் போய்ப் பார்க்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். நேரில் வரக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இன்றைக்கே கூப்பிடுங்கள்.