சமுத்திரத்தின் உஷ்ணமும் பருவமழை முன்னறிவிப்பும்

விதைப்பதற்கு முன்பே மழையின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது குடியானவர்களின் நெடுநாளைய விருப்பம். பயிர்க்கடன் வழங்கும் ஐக்கிய நாணயச் சங்கத்திற்கும் இதே கவலை உண்டு. மழை பொய்த்தால் தவணை தவறும். தவணை தவறினால் சங்கத்தின் மூலதனம் முடங்கும். நாளைய மழையைக் கூறுவதே அரிதாயிருக்க, மூன்று நான்கு மாதங்களுக்குப் பின் வரும் பருவத்தைப் பற்றி இப்பொழுதே கூறுவது எவ்வாறு இயலும் என்று பலர் ஐயுறலாம். அதற்குரிய விடை பெரும்பாலும் சமுத்திரத்தில் இருக்கிறது.

காற்று விரைவில் சூடேறி விரைவில் குளிரும். நீரோ மெதுவாகச் சூடேறி, பெற்ற சூட்டை நெடுநாள் விடாது வைத்திருக்கும். பூமியைச் சூழ்ந்த காற்று முழுவதையும் ஒரு பாகை சூடேற்ற வேண்டிய உஷ்ணம், கடலின் மேற்புறத்து மூன்று மீட்டர் நீரை ஒரு பாகை சூடேற்றுவதற்கே ஏறக்குறையச் சரியாகிவிடும். ஆகவே காற்று நாளொரு விதமாக மாறினும், கடலில் சேர்ந்த உஷ்ணம் பல மாதங்கள் நின்று, மேகங்கள் எங்கே திரளும் என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. காற்று அன்றாடக் கைச்செலவு போன்றது. கடல் பேரேட்டில் நிற்கும் இருப்புப் போன்றது.

பஸிபிக் மகா சமுத்திரத்தில் பூமத்திய ரேகையை ஒட்டி வழக்கமாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வியாபாரக் காற்று வீசும். அது சூடான மேல்நீரை இந்தோனேஷியாவின் பக்கம் ஒதுக்கிக் குவிக்கிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை இக்காற்றுத் தளர, குவிந்த நீர் தென் அமெரிக்கக் கரையை நோக்கித் திரும்பும். கிறிஸ்துமஸ் காலத்தையொட்டித் தோன்றும் இச்சூட்டிற்குப் பெரு தேசத்து மீனவர் குழந்தை இயேசுவைக் குறிக்கும் ‘எல் நினோ’ என்ற பெயரை இட்டனர். அத்தகைய வருஷங்களில் பெருவின் வடபாகத்தில் வெள்ளமும், இந்தோனேஷியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வறட்சியும் நேர்வதுண்டு. இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையோ மிகும் வாய்ப்புண்டு.

1982-ம் வருஷத்தில் மிகக் கடுமையான எல் நினோ ஒன்று உண்டாயிற்று. ஆயினும் பல மாதங்கள் வரை அது திட்டமாக அறியப்படவில்லை. அவ்வருஷம் மெக்ஸிகோவில் எல் சிச்சோன் என்னும் எரிமலை வெடித்து, அதன் புகைப்படலம் வானிற் பரவியதால், செயற்கைக் கோள்கள் கடலின் உஷ்ணத்தை உள்ளபடி காட்டவில்லை. கப்பல்களிலிருந்து வந்த சில உயர்ந்த அளவுகளும் பிழையென்று தள்ளப்பட்டன. கடலுக்குள்ளே அளந்து உடனே அறிவிக்கும் கருவிகள் போதிய அளவில் இன்மையால், எல் நினோ முற்றிய பின்னரே உண்மை வெளிப்பட்டது.

இக்குறையைப் போக்க 1985 முதல் பத்து வருஷ காலம் பல தேசங்கள் கூடி உழைத்தன. 1994-ம் வருஷக் கடைசியில் பஸிபிக்கின் வெப்ப பாகத்தில் ஏறக்குறைய 70 மிதவைகள் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டிருந்தன. இவை மேலே வீசும் காற்றையும், 500 மீட்டர் ஆழம் வரை நீரின் உஷ்ணத்தையும் அளந்து அன்றன்றே தெரிவித்தன. 1997-ன் தொடக்கத்தில், சூடான நீர் ஆழத்தினூடே கிழக்கே செல்வதை இவை காட்டின. எல் நினோ உச்சமடைவதற்குப் பல மாதங்கள் முன்னரே எச்சரிக்கை கிடைத்தது. இத்தகைய எச்சரிக்கையின் பயன் சிறிதன்று. வட பெருவில் நெல்லும் பருத்தியும் முக்கியப் பயிர்கள். மழை மிகும் என்று தெரிந்தால் நெல்லையும், குறையும் என்று தெரிந்தால் ஆழ வேரோடும் பருத்தியையும் அதிகமாகப் பயிரிடலாம் அன்றோ?

எனினும் 1997-ல் இந்தியாவில் அஞ்சிய வறட்சி வரவில்லை. தென்மேற்குப் பருவமழை வழக்கமான அளவு பெய்தது. அவ்வருஷம் இந்து மகா சமுத்திரத்தின் மேற்குப் பாகம் சூடேறி, சுமத்ராவை அடுத்த கிழக்குப் பாகம் குளிர்ந்திருந்தது. 1999-ல் ஆராய்ச்சியாளர் இதனைத் தனி நிகழ்ச்சியாக விவரித்தனர். எல் நினோவின் கெடுதியை இது தணித்திருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது. ஒரு சமுத்திரத்தை மட்டும் கவனித்தால் போதாது என்பது இதனால் விளங்கிற்று.

இன்று ‘ஆர்கோ’ என்னும் ஏறக்குறைய 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் திரிகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து சென்று, பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, பின் மேலெழும்போது நீரின் உஷ்ணத்தையும் உப்பையும் அளந்து அறிவிக்கிறது. பல தேசங்கள் பங்கிட்டுச் செய்யும் இவ்வேலையின் கணக்கு எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தியாவின் பங்கை ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கவனிக்கிறது.

ஐக்கிய முயற்சிக்குரிய அபாயம் இதிலும் உண்டு. 2012-க்குப் பின் பஸிபிக் மிதவைகளைப் பழுதுபார்க்கும் கப்பற் பயணங்கள் குறைந்தன. 2014-ன் தொடக்கத்தில் வரவேண்டிய தகவலில் பாதிக்கும் குறைவே வந்தது. தணிக்கையின்றி விடப்பட்ட சங்கத்தின் கதி எதுவோ அதுவே பராமரிப்பின்றி விடப்பட்ட மிதவைகளுக்கும் நேரும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை ஏப்ரலில் தென்மேற்குப் பருவத்திற்கும், அக்டோபரையொட்டி வடகிழக்குப் பருவத்திற்கும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது வாய்ப்பைக் கூறுமேயன்றி வாக்குறுதி அளிப்பதில்லை. பரந்த பிரதேசத்திற்கு உரியதேயன்றித் தனிக் கிராமத்திற்கு உரியதன்று. ஆயினும் அதனைச் சங்கக் கூட்டத்தில் வாசித்து, மழை குறையும் என்றால் குறுகிய காலப் பயிர்களின் விதையை முன்னதாக வாங்கி வைக்கலாம். மிகும் என்றால் ஏரிக்கரையையும் வடிகாலையும் செப்பனிடலாம். எக்குறிப்பு வந்தாலும், நிலம் முழுவதையும் ஒரே பயிருக்கு ஒப்படையாதிருத்தல் நலம். இவை விதைப்புக்கு முன் செய்யத்தக்க சிறு காரியங்களே. அறுவடைக்குப் பின் கடன் நிற்குமா தீருமா என்பது பல சமயங்களில் இவற்றையே பொறுத்திருக்கிறது.