ரோஜா ஏன் சாய்ந்தது?

"பரமக்குடியில பெட்டிய வாங்கும்போது ரோசாப்பூ நிமிர்ந்துதான் நின்னுச்சு மாமா. இங்க வந்து திறந்தா கவுந்து கெடக்கு. பழைய கேக்கத் தலையில கட்டிட்டான்."

நயினார்கோவில் கடைத்தெருவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்ததுமே மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டான். மகளுக்கு முதல் பிறந்தநாள். வைகாசி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். பஸ் வர அரை மணி நேரம் ஆனதாம்.

கடைக்காரர் மேல் தப்பில்லை, மாப்ளே. அந்தப் பூ எதில் செய்தது என்று தெரிந்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் பேக்கரிகளில் கேக் மேல் பூசுவது பெரும்பாலும் பால் சேராத விப்பிங் க்ரீம். பனங்கொட்டை எண்ணெய் மாதிரியான தாவரக் கொழுப்பு, சர்க்கரை, தண்ணீர். நம் பனை இல்லை, மலேசியா பக்கத்து எண்ணெய்ப்பனை. உறைந்த கட்டியாக வருவதை இளக்கி அடித்தால் மூன்று, நான்கு மடங்கு உப்பும். உப்புவது என்றால் உள்ளே காற்று. சோப்பு நுரையில் தண்ணீர் காற்றைப் பிடித்து நிற்பதுபோல இதில் கொழுப்பு பிடித்து நிற்கிறது. கொழுப்பு இளகினால் பிடி விடும், காற்று போகும், பூ உட்காரும். வெண்ணெயில் செய்த க்ரீம் இன்னும் மோசம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். ராமநாதபுரம் சீமையில் மே மாதம் நிழலிலேயே அதைத் தாண்டும்.

உன் அப்பா காலத்து கேக் ஞாபகம் இருக்கிறதா? ரோஸ் கலரில் மொத்தமாகப் பூசி, மேலே ஒரு செர்ரி. தின்றால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. வனஸ்பதியில் ஐசிங் சர்க்கரை அடித்துச் செய்தது அது. வனஸ்பதியின் உருகுநிலை 31 முதல் 41 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று நம் நாட்டில் சட்டமே உண்டு. மேல் எல்லையை ஒட்டிய சரக்கு 37 டிகிரி வாய்ச்சூட்டில் முழுதாக உருகாது. அதனால்தான் அண்ணத்தில் அந்த மெழுகு. ருசி என்று பார்த்தால் சுமார்தான், ஆனால் அந்த ரோஜா பஸ்ஸில் சாய்ந்ததில்லை. அந்தச் செர்ரியும் செர்ரி இல்லை. பெரும்பாலும் நம் களாக்காய்தான், சாயமேற்றிப் பாகில் ஊறியது.

"சரி மாமா, பூவ எப்படித்தான் செய்றாங்க?"

உங்க அம்மா கைமுறுக்கு சுற்றிப் பார்த்திருக்கிறாயா? அதே மணிக்கட்டு வேலை. கூம்பாகச் சுருட்டிய பட்டர் பேப்பர் முனையில் ஒரு நாசில், அதுதான் நம் முறுக்கு அச்சு. நட்சத்திர வாய் என்றால் மகிழம்பூ முறுக்கு மாதிரி வரி விழும். ரோஜாவுக்கு வேறு வாய்: ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிசு. தடித்த பக்கம் கீழே இருக்கவேண்டும். இடது கையில் தட்டைத் தலை கொண்ட ஆணி ஒன்றைத் திருக்கிக்கொண்டே வலது கையால் பிழிந்தால் இதழ் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறும். நடுவில் ஒரு மொட்டு, சுற்றி மூன்று இதழ், அதற்கு வெளியே ஐந்து.

நம் வெயிலில் நிற்கிற ஐசிங் ஒன்று இருக்கிறது. அதில் கொழுப்பே கிடையாது. ராயல் ஐசிங். ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 30 கிராம். அதில் 150 முதல் 200 கிராம் ஐசிங் சர்க்கரை, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். அடித்துப் பிழிந்து காயவிட்டால் சுண்ணாம்புச் சுவர்போல இறுகும். பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் முட்டை நுரைக்காது. 1840இல் விக்டோரியா ராணியின் கல்யாண கேக்கில் இந்த வெள்ளைப் பூச்சைப் போட்டார்கள், 'ராயல்' அங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். கேக்கின் எடை 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ.

முட்டை என்றதும் நாகநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோமே என்று முகம் சுளிக்காதே. புனேயில் பிராச்சி தபல் தேவ் என்று ஒரு பெண், முட்டையே சேராத ராயல் ஐசிங்கைப் பழக்கிக் கொண்டுவந்திருக்கிறார். 2022இல் இத்தாலியின் மிலான் தேவாலயத்தைப் பார்த்து 100 கிலோவில் ஒரு கோபுரக் கட்டடமே எழுப்பினார். எங்கும் சரிகை மாதிரி துளை வேலை.

ஆனால் மாப்ளே, சர்க்கரையில் உருவம் பிடிக்கிற வித்தை ஒன்றும் சீமையிலிருந்து வந்த புதுச்சரக்கில்லை. திருவிழாவில் மூங்கில் கம்போடு வருகிற ஜவ்வு மிட்டாய்க்காரரைச் சொல்கிறேன். கம்பின் உச்சியில் கைதட்டும் பொம்மை, கீழே ரோஸும் வெள்ளையுமாகச் சுற்றிய மிட்டாய். கேட்டதும் இழுத்து, முறுக்கி, கடிகாரமாகக் கையில் கட்டிவிடுவார். மயில் கேட்டால் மயில், தேள் கேட்டால் தேள். பெரிய ஓட்டல்களில் தொப்பி வைத்த சமையல்காரர்கள் சூட்டு விளக்கடியில் சர்க்கரையை இழுத்து நாடாவும் ரோஜாவும் செய்கிறார்கள். அவர்களுக்கு அது தனிப் படிப்பு. இரண்டும் ஒரே வேலை என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரே வித்தியாசம், நம் ஆளுக்கு விளக்கு இல்லை, வெயில் இருக்கிறது.

எல்லாம் பதம். அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் உருண்டுவரும். சர்க்கரைப் பாகில் அது 115 டிகிரி வாக்கில் வரும் பதம். மேலே காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் வற்றும், பாகு கடினமாகும். கார்த்திகைப் பொரிக்குப் பாகு எடுக்கும்போது உருட்டித் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்கிறதே, அந்தப் பக்கம். 146ஐத் தாண்டினால் கண்ணாடிபோல முறியும். நம் பாட்டிமார் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டா பார்த்தார்கள்? காதால் பார்த்தார்கள். காய்ச்சும்போது கொஞ்சம் எலுமிச்சை விடுவதும் கணக்காகத்தான். புளிப்பு பட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரியும். மூன்றும் கலந்து கிடந்தால் ஒன்றோடொன்று சேர்ந்து பூத்துப்போகாது. பிறகு சூட்டோடு இழுத்து மடிக்க, இழுத்து மடிக்க, காற்று இழை இழையாக உள்ளே போகும். கண்ணாடியாக இருந்தது பட்டு மாதிரி மினுங்கும்.

இந்த இழுத்த சர்க்கரைக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி நம் கடற்காற்று. ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். பெங்களூரில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் கேக் கண்காட்சியில் அரண்மனையும் கோபுரமும் சர்க்கரையில் நிற்கின்றன. நடப்பது டிசம்பர் குளிரில். ராமேஸ்வரம் கடற்கரையில் நடத்தச் சொல், பார்ப்போம். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நம்மைவிடச் சாமர்த்தியம். கல்யாண மேடையில் அடுக்கடுக்காக நிற்கும் ஐசிங் கோபுரத்துக்குள் பெரும்பாலும் வெறும் தெர்மகோல்தான். தின்கிற கேக் முந்திரியும் ரவையும் பழப்பாகும் சேர்ந்தது, துண்டு துண்டாகச் சின்னப் பெட்டிகளில் வந்தவர் கைக்குப் போய்விடும். அழகை மேடையிலும் ருசியைப் பெட்டியிலும் பிரித்து வைத்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

"அப்ப அடுத்த வருசம் என்ன செய்ய?"

இது வாசிக்கிறவர்களுக்கும்தான். க்ரீம் கேக் வாங்குவதானால் மீன்காரர்கள் ஐஸ் போட்டுக் கொண்டுபோகும் தெர்மகோல் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குங்கள், மீன் போட்டது வேண்டாம். கேக் பெட்டியை அதில் வைத்து, பக்கத்தில் உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டு. சாயங்காலமாகப் போய் எடுத்து வாருங்கள். சர்க்கரை மாவில் போர்த்திய ஃபாண்டன்ட் கேக் ஃப்ரிட்ஜிலிருந்து வந்ததென்றால், அரை மணி, முக்கால் மணி நேரம் பெட்டியைத் திறக்காதீர்கள். வேர்க்கிற வேர்வை அட்டைமேல் வேர்த்துவிட்டுப் போகட்டும்.