கடல் மீன்களைப் பெரிய தொட்டிக்கு மாற்றுதல்

சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் கரையோரக் கிராமங்களில் தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்கள் சில, கைச்செலவுக்கு வழி தேடிக் கடல் அலங்கார மீன்களைப் பராமரிப்பதுண்டு. முதலில் ஒரு கண்ணாடித் தொட்டி. கொஞ்சம் காசு சேர்ந்ததும், அல்லது கடன் கிடைத்ததும், முற்றத்தில் பெரிய சீமெந்துத் தொட்டி. இடம் கூடினால் மீன் செழிக்கும் என்று நம்பி, தொட்டி கட்டி முடிந்த கையோடு புதுக் கடல்நீரை நிரப்பி மீன்களை மாற்றிவிடுகிறோம். மூன்றாம் நாளிலோ ஐந்தாம் நாளிலோ மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கும். தண்ணீரோ பளிங்குபோல் தெளிவாக இருக்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். வாங்குபவர் உயிருள்ள மீனுக்குத்தான் பணம் தருவார். கடன்காரருக்கு அந்தக் கணக்குத் தேவையில்லை.

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியா போட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் காரணத்தை விளக்குவது இலகு. யூரியா மண்ணில் முதலில் அமோனியாவாகிறது. மண்ணிலுள்ள ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றுகிறது. பயிர் அதை உறிஞ்சுகிறது. மீன் தன் செவுள் வழியாக வெளிவிடுவதும் அதே அமோனியாதான். மிஞ்சிய தீனி அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. நைத்திரைற்றும் கெடுதலானது. நைத்திரேற்றை ஓரளவு தாங்கும்.

இந்த வேலையைச் செய்யும் பற்றீரியா தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு. கல்லிலும், மணலின் மேற்பரப்பிலும், வடிகட்டியின் பஞ்சிலும் ஒட்டிக்கொண்டுதான் அது வாழ்கிறது. பழைய தொட்டித் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து புதுத் தொட்டிக்குள் ஊற்றுவதால் பெரிய பயன் இல்லை. சுமக்க வேண்டியது கல்லையும் பஞ்சையும்.

முதலில் தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் நீர் என்றால் ஏறத்தாழ 1,350 லீற்றர் பிடிக்கும். புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசியும். அது நீரின் காரத்தன்மையைக் கூட்டும். காரம் கூடக்கூட அமோனியாவின் நஞ்சும் கூடும். அமோனியம் சல்பேற்றுடன் சாம்பலைக் கலந்தால் மூக்கில் ஏறும் நெடியை நினைத்துப் பாருங்கள். ஆகவே நல்ல தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, சில நாள் விட்டு இறக்கி, மீண்டும் நிரப்புங்கள். மூன்று வாரம் இப்படிச் செய்த பின்னரே கடல்நீர் ஊற்றலாம். பி.எச். பெறுமானம் 8.1க்கும் 8.4க்கும் இடையில் நிற்க வேண்டும்.

கடல்நீரை மழைக்குப்பின் களப்பிலிருந்து எடுக்க வேண்டாம். திறந்த கடலிலிருந்தே எடுங்கள். லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிறாம் உப்பு இருக்கும். அடர்த்திமானி 1.020க்கும் 1.025க்கும் இடையில் காட்டினால் போதும். ஆனால் பழைய தொட்டியின் அளவும் புதியதன் அளவும் ஒத்திருக்க வேண்டும். விதைநெல் தெரிவதற்கு உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிடும் வழக்கம் இங்கே உதவாது. கடல்நீரில் புது முட்டை தாழ்ந்துவிடும்.

மாற்றும் நாளில் பழைய கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் கடல்நீர் நனைத்த சாக்கால் மூடி எடுத்துச் சென்று உடனே புதுத் தொட்டியில் வையுங்கள். கிணற்று நீரில் கழுவினால் பற்றீரியா செத்துவிடும். அடி மணலை மட்டும் அப்படியே அள்ள வேண்டாம். தண்ணீர் தேங்கிய வயலைக் கிளறும்போது வரும் அழுகல் முட்டை நாற்றம் அதற்குள்ளும் உண்டு. அது மீனைக் கொல்லும். மேல் மணலில் இரண்டு கைப்பிடி போதும். மேலதிகக் கல் தேவையென்றால் நிலத்தில் தோண்டிய சுண்ணக்கல்லை நன்றாகக் கழுவிப் போடுங்கள். முருகைக்கல்லைக் கடலில் உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். அது மீன் பெருகும் இடமும்கூட.

பின்னேரம் வெயில் தணிந்தபின் மீனைப் பிடியுங்கள். பழைய தொட்டியின் நீரை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் துரத்த வேண்டியிராது. வலையில் முள்ளும் செட்டையும் சிக்கும் என்பதால் ஏதாவது பாத்திரத்தால் அள்ளுவது நல்லது. மீன் உள்ள பொலித்தீன் பையைப் புதுத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கோப்பைப் புது நீரை ஊற்றி ஒரு மணிநேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீனை மட்டும் விட வேண்டும், பை நீரை அல்ல. சாந்தமான மீன்களை முதலிலும் சண்டைக்காரரைக் கடைசியிலும் விடுங்கள். முந்தி வந்தவன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் மீன்களிடமும் உண்டு. அன்றைக்குத் தீனி வேண்டாம்.

தொட்டி பத்து மடங்கு பெரிதாகிவிட்டது என்று அடுத்த நாளே பத்து மடங்கு மீன் வாங்குவதுதான் மிகப்பெரிய ஆபத்து. கல்லில் உள்ள பற்றீரியா பழைய மீன்களின் கழிவுக்கு ஏற்ற அளவே இருக்கும். இரண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று மீனாகச் சேர்த்தால் அதுவும் பெருகும். பழைய கல் எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் சோதனையில் இல்லை என்று காட்டிய பின்னரே மீனை விடலாம். இடையில் மீன் மூச்சு வாங்கினால் கால்வாசி நீரை மாற்றி, காற்றுப் பம்பியைக் கூட்டி, தீனியை நிறுத்துங்கள்.

வெயில் காலத்தில் நீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறைந்த அளவை மழைநீரால் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல. மாரியில் தொட்டிக்கு மேலே தகரம் போடாவிட்டால் ஒரு இரவு மழையே உப்பைக் குறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றும்போது, நைத்திரேற்று இருக்கிறதே என்று அதை மிளகாய்ப் பாத்திக்கு ஊற்றிவிடாதீர்கள். உப்பு நிலத்தைக் கெடுக்கும். கிணற்றுக்கு எட்டத்தில், கடற்கரைப் பக்கமாகக் கொட்டுங்கள்.